அடி பத்து, மாற்றுக

பழைய அனுபவம் எதையாவது எழுதித் தாருங்கள் என்று உங்கள் ஆபீசிலிருந்து கேட்டு இரண்டு மழைக்காலம் போய்விட்டது. சோம்பல் ஒரு காரணம். கிணற்றுக் கணக்குப் பிரிவிலேயே ஆயுளைக் கழித்தவனுக்குச் சொல்லிக்கொள்ள என்ன இருக்கிறது என்ற சலிப்பு இன்னொரு காரணம். நாங்கள் அணை கட்டியவர்கள் அல்ல, பாலம் போட்டவர்களும் அல்ல. ஒரு கிணற்றில் இவ்வளவு இறைத்தால் பக்கத்துக் கிணற்றில் எவ்வளவு இறங்கும் என்று கணக்குப் போட்டுக் கொடுத்தவர்கள். எங்கள் உத்தியோகத்துக்கே 'கம்ப்யூட்டர்' என்றுதான் பெயர். இப்போது அதே பெயரில் ஒரு இயந்திரம் உங்கள் ஆபீசில் குளிர்ந்த அறையில் உட்கார்ந்திருக்கிறதாம். எங்களுக்கு மின்விசிறிகூடக் கிடையாது.

புதிதாகச் சேர்ந்திருக்கிற உங்களுக்குச் சொல்ல என்னிடம் ஒரே ஒரு சங்கதிதான் தேறுகிறது. அது மடக்கையின் அடியை மாற்றுவது பற்றியது. பயப்பட வேண்டாம், பாடம் நடத்தப்போவதில்லை. எனக்கு அதற்குத் தெம்பும் இல்லை.

ஜப்பான்காரன் இன்றைக்கு வருகிறான், நாளைக்கு வருகிறான் என்று பட்டணம் பாதி காலியாகியிருந்த ஒரு சித்திரை மாதம். மயிலாப்பூர் மாட வீதிகளில் வரிசையாகப் பூட்டிய வீடுகள். எங்கள் ஆபீசின் கோப்புகளையும் புத்தகங்களையும் பெட்டிகளில் அடைத்து உள்நாட்டுக்கு ரயிலேற்றிவிட்டார்கள். எங்களில் சிலரை மட்டும் இங்கேயே விட்டுவைத்தார்கள். காப்பாற்ற வேண்டியவை புத்தகங்கள்தான் என்று மேலிடத்தில் முடிவு செய்திருந்தார்கள் போலும். மிஞ்சியவர்கள் நாலே பேர்: எங்கள் என்ஜினீயர், படம் வரைகிற டிராப்ட்ஸ்மேன், நான், புலவர்.

புலவர் என்பது நாங்கள் வைத்த பெயர். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்துவிட்டு, எங்களிடம் தற்காலிக வேலையில் சேர்ந்தவர். கணக்கைத் தமிழில் சொல்லிக்கொடுக்க அப்போதுதான் ஆரம்பித்திருந்தார்கள். அந்த உற்சாகம் அவருக்குத் தணியவே இல்லை. லாகரிதம் என்று யாராவது சொன்னால் முகத்தைச் சுளிப்பார், மடக்கை என்று திருத்துவார். 'பேஸ்' என்று நாங்கள் சொல்வது அவருக்கு 'அடி'. எண்களைத் தவிர வேறு எதையும் அவர் இங்கிலீஷில் எழுதி நான் பார்த்ததில்லை.

"மடக்கையா, மடக்கு நாற்காலியா?" என்று நான் சீண்டுவேன்.

"நீங்க போடற கணக்கு உங்க அம்மாவுக்குப் புரியற பாஷைல இருந்தா என்ன கெட்டுப்போச்சு ஐயா?"

"எங்கம்மாவுக்கு எந்தப் பாஷைல சொன்னாலும் கணக்குப் புரியாது."

"அது உங்க அதிர்ஷ்டம்" என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்து வேலையைப் பார்ப்பார். வேலையில் அவரை மிஞ்ச ஆள் இல்லை.

அடி என்றால் என்ன என்று மறந்திருந்தால் இப்படி நினைத்துக்கொள்ளுங்கள். அரிசியைப் படியால் அளந்தால் ஒரு எண், ஆழாக்கால் அளந்தால் வேறு எண். அரிசி அதே அரிசிதான். மடக்கையும் அப்படித்தான். பத்தை அடியாக வைத்தால் ஒரு எண் வரும். இயல் மடக்கைக்கு, அதாவது நேச்சுரல் லாகுக்கு உரிய, 2.718 என்று தொடங்குகிற அந்த எண்ணை அடியாக வைத்தால் வேறு எண் வரும். கிணற்றுச் சூத்திரம் இயல் மடக்கையைத்தான் கேட்கும். இயல் மடக்கை அட்டவணையோ பெட்டியில் ஏறி ஊரைவிட்டுப் போய்விட்டது. எங்களிடம் மிஞ்சியது கடைசிப் பக்கங்கள் கிழிந்துபோன ஒரு பள்ளிக்கூட அட்டவணை. அதில் எல்லாம் அடி பத்து. ஆகவே அதில் பார்த்த மடக்கையை, பத்தின் இயல் மடக்கையான 2.3026-ஆல் பெருக்கிக்கொள்ள வேண்டும். அடி மாற்றம் என்பது அவ்வளவுதான். மறந்தால் விடை பாதிக்கும் கீழே இறங்கிவிடும்.

நொச்சிக்குப்பத்துக்குப் பக்கத்தில், மணலில், ஒரு ராணுவ முகாம் வரப்போவதாகச் சொன்னார்கள். அதற்கு அங்கேயே குழாய்க் கிணறு இறக்கி, பம்ப் வைத்துத் தண்ணீர் எடுக்க வேண்டும். உடனே வேண்டும். யுத்த காலத்தில் எல்லாமே உடனே வேண்டும்.

கடலோர மணலில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் பாலாடை மாதிரி மிதந்துகொண்டிருக்கும். அளவோடு எடுத்தால் காலத்துக்கும் எடுக்கலாம். பேராசைப்பட்டு இறைத்தாலோ, ஆழமாகக் குழாயை இறக்கினாலோ, கீழே இருக்கிற உப்பு மேலே ஏறிவிடும். ஏறினது லேசில் இறங்காது. குப்பத்துக்கு இருந்ததோ ஒரே ஒரு நல்ல தண்ணீர்க் கிணறு. முகாம் பம்ப் ஓடினால் குப்பத்துக் கிணற்றில் எவ்வளவு இறங்கும் என்பதுதான் புலவர் போட வேண்டிய கணக்கு.

அன்று அவர் அவசரத்தில் இருந்தார். பிள்ளைத்தாச்சியான மனைவியைக் காஞ்சிபுரத்தில் மாமியார் வீட்டில் கொண்டுபோய் விட வேண்டும், ரயிலுக்கு நேரமாகிவிட்டது. பத்தை அடியாக வைத்துப் போட்டுப் பார்த்ததில், குப்பத்துக் கிணறு ஒன்றரை அடி இறங்கும் என்று வந்திருந்தது. மிச்சத்தை நான் முடித்துக்கொள்ளட்டும் என்று, கணக்குத் தாளில் முகாம் கிணற்றின் படத்துக்குப் பக்கத்தில் பென்சிலால் குறிப்பு எழுதி என் மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார். 'அடி 10. மாற்றுக.' அதைப் பார்த்தால் எனக்கு ஒரு நொடியில் புரிந்திருக்கும். ஆனால் நான் அடையாற்றில் ஒரு பங்களாக் கிணற்றை அளக்கப் போயிருந்தேன். முகாமின் மேஜர் போனில் விரட்ட விரட்ட, என்ஜினீயர் காத்திருக்க முடியாமல் அந்தத் தாளை எடுத்து டிராப்ட்ஸ்மேனிடம் கொடுத்துவிட்டார்.

மறுநாள் காலை குப்பத்துக் கிணற்றில் தண்ணீர் மட்டம் பார்க்க நான் நேராக நொச்சிக்குப்பம் போனேன். கயிற்றில் ஈயக் குண்டைக் கட்டி இறக்கிக்கொண்டிருந்தபோது ஒரு பெண் குடத்தோடு வந்து நின்றாள். அஞ்சலை என்று பெயர். மயிலாப்பூர் வீதிகளில் மீன் கூடை சுமப்பவள்.

"இன்னா சார், எங்க கெணத்துல கயிறு வுட்டுக்கினு கீறே? மீனு புடிக்கப் போறியா?"

"தண்ணி எவ்வளவு இருக்குன்னு பாக்கறேம்மா."

"அதுக்கு எதுக்குக் கயிறு? என்னிய கேளு. மூணடி கீது. மழ வர்ற வரிக்கும் இத்தான்." குடத்தைக் கீழே வைத்தாள். "அங்க பைப்பு எறக்கிக்கினு கீறாங்களே, அது எங்க தண்ணிய இஸ்துக்குமா?"

கயிறும் மூன்று அடி என்றுதான் சொன்னது. பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று குழாய் இறக்குகிற இடத்துக்குப் போனேன். அஞ்சலையும் பின்னாலேயே வந்தாள். வேலையை எடுத்திருந்தவர் ராயப்பேட்டைக்காரர், நாங்கள் பாய் என்று கூப்பிடுவோம். எவ்வளவு ஆழம் என்று கேட்டேன்.

"முப்பத்தஞ்சு அடி சாப். இருவத்தஞ்சு ஆயிடுச்சி, இன்னும் பத்து."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இருபத்தைந்துக்கு மேல் போகக் கூடாது என்று நாங்கள் எல்லாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்திருந்தோம். படத்தைக் காட்டச் சொன்னேன். முப்பத்தைந்து என்று அழகாக மசியில் எழுதியிருந்தது, என்ஜினீயரின் கையெழுத்தும் இருந்தது.

"நிறுத்துங்க பாய்."

"பிளான்ல இருக்குதே சாப். ஆபீசர் சொன்னா நிறுத்தறேன். நீங்க ஆபீசரா?"

"இல்ல."

"அப்ப எழுதிக் குடுங்க. நாளைக்கு மேஜர் வந்து என் கழுத்தப் புடிச்சா காட்டறதுக்கு ஒரு துண்டு வேணும்ல?"

அவர் கேட்டது நியாயம். எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். எனக்கும் அப்போது வேலை நிரந்தரமாகவில்லை. ராணுவ வேலையை நிறுத்த எனக்கு எந்த அதிகாரமும் இல்லை. வீரம் என்று நினைத்துவிடாதீர்கள், பயந்துகொண்டுதான் எழுதினேன்.

அஞ்சலை எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். "இன்னா ஆச்சு சார்?"

"கிணறு உப்பாயிடுமோன்னு பயமா இருக்கும்மா. எதுக்கும் கொஞ்சம் நல்ல தண்ணி புடிச்சு வெச்சுக்கோங்க."

"ஒரு கெணத்த எத்தினி பானைல சார் புடிச்சி வெச்சுக்கறது?" என்றாள்.

ஆபீசுக்கு வந்து டிராப்ட்ஸ்மேனைப் பிடித்தேன். அவர் புலவரின் தாளை எடுத்துக் காட்டினார். அடி பத்து, மாற்றுக. பத்தடி மாற்ற வேண்டும் என்று படித்திருக்கிறார். கூட்டுவதா குறைப்பதா என்று அதில் இல்லை. ஆகவே என்ஜினீயரிடம் போய்ப் பொறுப்பாகக் கேட்டிருக்கிறார். என்ஜினீயர் ஒரு காதில் போனை வைத்துக்கொண்டே, "கொறைச்சா தண்ணி எங்கேர்ந்துங்காணும் வரும்? கூட்டும்" என்று சொல்லிவிட்டார். படத்தில் இருபத்தைந்து முப்பத்தைந்தாகிவிட்டது. தாளில் இருந்த ஒன்றரையை யாரும் தொடவில்லை.

என்ஜினீயரிடம் போய்ச் சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டார், அப்புறம் சிரித்துவிட்டார். "நல்லகாலம் நிறுத்தினேள். இருபத்தஞ்சோட நிக்கட்டும்" என்று அப்போதே பாய்க்கு ஆள் அனுப்பினார். நான் எழுதிக் கொடுத்த துண்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் கெட்டவர் இல்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

"இன்னொண்ணு இருக்கு சார். ஒன்றரை அடிங்கறதும் தப்பு. அடியை மாத்தவே இல்லை" என்றேன்.

அவர் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. "நேச்சுரல் லாக் டேபிள் பொட்டியில போயிடுத்தே. அது வராம எப்படி மாத்தறது?"

"டேபிளே வேண்டாம் சார். நம்மகிட்ட இருக்கறதுலயே 2.718-க்குப் பாருங்க. 0.4343-ன்னு இருக்கும். ஒண்ணை அதால வகுத்தா..."

"நேக்குத் தெரியாதுன்னா நெனச்சுண்டேள்?" என்று என்னை நிறுத்தினார். பென்சிலை எடுத்து அவரே பெருக்கினார். மூன்றரை அடிக்குக் கொஞ்சம் குறைச்சலாக வந்தது. குப்பத்துக் கிணற்றில் எவ்வளவு தண்ணீர் என்று கேட்டார். மூன்றடி என்றேன். பென்சிலைக் கீழே வைத்தார்.

"லெட்டர் போயிடுத்து. ஒன்றரை அடிதான் எறங்கும், குப்பத்துக்குப் பாதகம் இல்லேன்னு நான் கையெழுத்துப் போட்டு மேஜருக்கு நேத்திக்கே அனுப்பியாச்சு. ஆழத்தைக் கொறைச்சது நம்ம ஆபீஸோட போயிடும். இது அப்படி இல்லை. தண்ணியைப் பாதியாக் கொறைச்சுக்கோன்னு இப்போ சொன்னா, யார் தப்புன்னுதான் மொதல்ல கேப்பான். அதுக்குப் பதில் சொன்னாத்தான் தண்ணிப் பேச்சையே காதுல வாங்குவான்."

"நான் பண்ணின தப்புன்னு சொல்லுங்க சார்."

"தாள்ல இருக்கறது உம்ம கையெழுத்து இல்லையே ஓய்."

கணக்குத் தெரியாததால் நடந்த கெடுதலை என் சர்வீசில் நான் அதிகம் பார்த்ததில்லை. தெரிந்தவர்கள் வாயைத் திறக்க முடியாமல் நடந்ததைத்தான் பார்த்திருக்கிறேன். அன்று எனக்கு வந்த கோபம் யார்மேல் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மேஜரைக் கோபித்துக்கொள்ளலாம் என்றால், அவருக்கும் தண்ணீர் வேண்டியிருந்தது, அவரிடமும் தாகமெடுத்த ஆட்கள் இருந்தார்கள். பம்ப் சென்ட்ரலில் வந்து இறங்கிவிட்டது என்று அன்று மாலை தகவல் வந்தது.

புலவர் அதற்கு அடுத்த நாள் திரும்பினார். முதலில் பத்தடிக் கதையைத்தான் சொன்னேன். சிரித்துச் சிரித்து அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "அடி சரியான சொல்தான் ஐயா. படிச்சவங்க பேர்லதான் தப்பு" என்று டிராப்ட்ஸ்மேனையும் கிண்டல் செய்தார். அப்புறம் மிச்சத்தைச் சொன்னேன். சிரிப்பு நின்றது.

"கிணத்துல எவ்வளவு இருக்கு?"

"மூணடி."

வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்ஜினீயரின் அறைக்குள் போனார். நானும் கூடப் போனேன்.

"என் கணக்கு தப்புன்னு எழுதித் தர்றேன் ஐயா" என்றார்.

"உங்க கணக்கு தப்பே இல்லை. மாற்றுகன்னு தெளிவா எழுதியிருக்கீங்க" என்று நான் குறுக்கிட்டேன்.

"எழுதினேன். படிக்க ஆளில்லாத நேரத்துல எழுதிட்டேன்."

என்ஜினீயர் அவரை நிமிர்ந்து பார்த்தார். "உம்ம போஸ்ட் டெம்பரரி. இதைக் குடுத்தேள்னா நீட்டிக்க மாட்டா. என்னால காப்பாத்த முடியாது. ஆத்துக்காரி வேற முழுகாம இருக்கான்னு சொன்னேள்."

"தெரியும் ஐயா. அவளுக்குக் காஞ்சிபுரத்துல கிணறு இருக்கு. இவங்களுக்கு இது ஒண்ணுதான்."

என்ஜினீயர் ஒரு வெள்ளைத் தாளை மேஜைமேல் தள்ளினார். புலவர் நின்றுகொண்டே எழுதினார். 'அடி மாற்றத் தவறினேன்' என்று எழுதி, அதைத் திரும்பப் படித்துப் பார்த்தார். பிறகு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு இன்னொன்று கேட்டார்.

"இதையாவது யாரும் வேற மாதிரி படிக்கக் கூடாது" என்று என்னிடம் சொல்லிவிட்டு, இங்கிலீஷில் எழுத ஆரம்பித்தார். மணி மணியான கையெழுத்து. ஒரு பிழை இல்லை. இத்தனை நாள் இதை எங்கே வைத்திருந்தார் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு அழுகை வந்தது, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அதன் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. தவறு செய்தவன் இன்னான் என்று தெரிந்ததும் மேஜருக்கு மனம் ஆறிவிட்டது. கணக்கைத் திருத்துங்கள் என்றார், திருத்தினோம். பம்பைப் பாதி அளவுக்கும் கீழேதான் ஓட்டினார்கள். மிச்சத் தண்ணீர் மாம்பலத்துப் பக்கமிருந்து லாரியில் வந்தது. அங்கே ஏரியைத் தூர்த்த நிலம், கிணறுகளில் தண்ணீருக்குக் குறைவில்லை. முதலிலேயே அப்படிச் செய்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். முதலில் யாருக்கும் அவசியம் தெரியவில்லை, அவ்வளவுதான்.

புலவரின் வேலை அந்த மாதத்தோடு முடிந்தது. தியாகராய நகரில், ஊரைவிட்டுப் போகாத சில வீட்டுப் பிள்ளைகளுக்கு டியூஷன் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். அங்கேயும் அடி என்றுதான் சொல்லிக்கொடுத்தார்.

இதிலிருந்து உங்களுக்கு நான் என்ன சொல்ல? குறிப்பு எழுதினால், உங்களைத் தெரியாதவன் கையில் அது போய்ச் சேரும் என்று நினைத்து எழுதுங்கள். அடியா பேஸா என்பது உங்கள் இஷ்டம், ஆனால் எதன் அடி என்று சேர்த்து எழுதிவிடுங்கள். இது சின்ன பாடம், நாலு நாளில் பழகிவிடும். இன்னொன்று பழகாது. கணக்கில் பிழை கண்டுபிடிப்பது நம் வேலை என்று எல்லாரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். கண்டுபிடித்தால் மட்டும் போதாது. அது திருத்தப்பட வேண்டுமானால் அநேகமாக யாராவது ஒருவர் அதற்கு விலை கொடுக்க வேண்டியிருக்கும். விலை கொடுப்பவர் பிழை செய்தவராகவே இருப்பார் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. இத்தனை வருஷம் கழித்தும் இதை நினைத்தால் எனக்கு ஆயாசமாகத்தான் இருக்கிறது. உங்கள் காலத்திலாவது தப்பு யாருடையது என்பதை ஒதுக்கிவைத்துவிட்டுத் தண்ணீரைப் பற்றி முதலில் பேசுங்கள்.

கோடை முடிகிற சமயத்தில், முதல் மழைக்கு முன்னால், குப்பத்துக் கிணற்றை அளக்க மறுபடியும் போனேன். நாலைந்து பெண்கள் தண்ணீர் சேந்திக்கொண்டிருந்தார்கள். அஞ்சலை என்னை அடையாளம் கண்டுகொண்டாள்.

"இன்னா சார், கெணறு உப்பாயிடும்னு பயமுறுத்திட்டுப் போனியே. வூட்ல கீற பானையெல்லாம் ரொப்பி வெச்சி, தண்ணில புழு வெச்சதுதான் மிச்சம். ஒண்ணும் ஆவல, பாத்தியா?"

"ஆகலைம்மா" என்றேன்.

"கணக்குப் போடறவங்க பேச்சக் கேட்டா இப்டித்தான்" என்று மற்றவர்களிடம் சொல்லிச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தாள். வாங்கிக் குடித்தேன். நல்ல தண்ணீர்.

அன்று சாயங்காலம் தியாகராய நகருக்குப் போனேன். புலவர் வாசலில் பிள்ளைகளின் சிலேட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தார். குப்பத்துக்குப் போய்விட்டு வருகிறேன், கிணற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை, தண்ணீர் இனிப்பாகவே இருக்கிறது என்று சொன்னேன்.

கையில் இருந்த சிலேட்டைக் கீழே வைத்தார். "அப்ப விடை சரி" என்றார்.